அம்மன் வாசலில் நீ சொல்ல மறுத்த வரி

அன்புள்ள ஈஸ்வரி மதினிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நம் நாடகத்தின் கடைசிக் காட்சியை அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பால்கூட வாங்கி வரவில்லை. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, “யாரும்மா காலங்காத்தால? சண்டை போடுற சத்தம் கேட்டுச்சே” என்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு வசனத்தை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அது உன் வேலையாக இருந்தது. சிம்மக்கல் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே, நான் சொல்வதை உன் குரலில் திருப்பிச் சொல்லுவாய். கத்தி ஓடிக்கொண்டே இருந்தால் எழுதிக்கொள்வேன். எந்த வரியில் கத்தி நின்றதோ அதை விட்டுவிடுவோம். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு வரியைத்தான் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

கடைசிக் காட்சியில், வைகையில் மகளைப் பறிகொடுத்த சோழவந்தான்காரி அம்மன் கோயில் வாசலில் வந்து நிற்கிறாள். “உள்ள யாருமே இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அங்கேதான் உன் கத்தி நின்றது. நான் சாமி கும்பிடாதவள், நீ செவ்வாய்க்கிழமை தவறாதவள். அதனால் மறுக்கிறாய் என்று நினைத்தேன். நீ சொன்ன காரணம் வேறு.

“அவ திட்டத்தான் மதினி வந்திருக்கா. ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராச்சும் திட்டுவாங்களா?”

அந்தச் சண்டை தீர்வதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயும் நீ விடவில்லை. மூக்கில் குழாயோடு, முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாய்.

அடுத்த மாதம் டி. கல்லுப்பட்டியில் நாடகம். நீ போட வேண்டிய சோழவந்தான்காரி வேஷத்தை ஒரு காலேஜ் டீச்சர் செய்கிறாள். நல்ல நடிகை. நேற்று ஒத்திகையில் அந்த வரியைத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அது நான் பேசுகிற பேச்சாக இருந்தது. மகளை இழந்தவளை அங்கே காணோம்.

இயக்குகிற பாண்டி அண்ணனிடம் மெல்லச் சொன்னேன். “இம்புட்டு நாள் அந்த வரிக்காக ஈஸ்வரிகூட மல்லுக்கட்டுனது நீதான? இப்ப நல்லால்லங்கிற. ஆளை விடும்மா” என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் சாமி இல்லை மதினி. நீ போன அன்றுகூட வரவில்லை. ஆனால் என் அவநம்பிக்கையை இன்னொருத்தி வாயில் திணிக்க எனக்கு என்ன உரிமை? எழுதுவது என்றால், நமக்கு இல்லாததை அவளிடம் இருக்க விடுவதும்தானோ? உன்னிடம் கேட்டிருந்தால், “அதெல்லாம் எனக்குத் தெரியாது, அந்த வெங்காயத்த எடு” என்றிருப்பாய்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் ஒத்திகைக்கு முன்னால் அந்த வரியை அடித்துவிடப் போகிறேன். அவள் திரும்பி நடக்க மாட்டாள். வாசலிலேயே நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அம்மனைத் திட்டுவாள். பாண்டி அண்ணன் என்ன கத்தினாலும் சரி, அவள் திட்டி முடிக்கிறவரை மேடை விளக்கை அணைக்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சொந்தம் எதுவும் இல்லாமலே உன் மதினியான,
கலா