இடி இல்லாத நாள்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் ஜெர்மன் வகுப்பை முழுதாகக் கேட்டேன். ஹன்னாவைத் தூங்க வைத்துவிட்டுச் சாயங்காலம் வந்தால், கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. கறுப்புத் திரையில் ஒரே வரி, ஹார்ட் டிஸ்க்கைக் காணோமாம். காலையில் இருந்தது எங்கே போகும்?

நடுவில் அந்த அறைக்குப் போனது என் மாமியார், அம்மச்சி மட்டும்.

மருமகள் வெளிநாடு போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை, தெரிந்ததுதான். போன ஞாயிறு சர்ச் வாசலில் பக்கத்து வீட்டுக் குஞ்ஞம்மச் சேட்டத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொச்சுப் பிள்ள இன்னும் பால் மறக்கல. இவ ஜெர்மனிக்குப் பெட்டி கட்டுறா." நான் பின்னால் நிற்பது தெரிந்தேதான் சொன்னாரோ?

அக்டோபர் 16, வியாழன்

இச்சாயன், என் கணவர் லிஜோ, கடைவீதியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சனலைக் கூட்டி வந்தார். பெட்டியைத் திறந்து, விரல் நீளத்துக்கு ஒரு பலகையை உருவினான். ரேம். பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தான். இச்சாயன் டார்ச் பிடித்தார். பிறகு ஏதோ நீலத் திரைக்குள் போய் எதையோ அமுக்கினான். வந்துவிட்டது.

"சேச்சி, ரேம்ல அழுக்கு. அடுத்த தடவை வந்தா மதர்போர்டே மாத்தணும்," என்று பயமுறுத்திவிட்டுச் சாயா குடித்துப் போனான்.

நவம்பர் நாலாம் தேதி மூன்று மணிக்கு ஜெர்மனி மருத்துவமனைக்காரர்கள் நேர்காணல் செய்கிறார்கள். போனில் பேசக்கூடாது, பெரிய திரையும் கேமராவும் கட்டாயம். தவறினால் அடுத்த வருஷம்தான்.

அக்டோபர் 20, திங்கள்

மறுபடியும். அதே வரி.

மூன்று மணிக்கு அம்மச்சி அறையிலிருந்து வேகமாக வெளியே வந்ததைப் பார்த்தேன். என்ன அம்மச்சி என்றேன். ஒன்றுமில்லை மோளே, ஜன்னல் சாத்தினேன் என்றார்.

ஜன்னல் திறந்துதான் கிடந்தது.

இச்சாயனிடம் சொன்னேன். "எடி, அம்மச்சிக்கு மிக்ஸியே ஓட்டத் தெரியாது," என்று சிரித்தார். ஒரு வருஷத்தில் அவரையும் குழந்தையையும் அங்கே கூப்பிட்டுக்கொள்வதாகத்தானே பேச்சு. 'நான் தடுக்கலையே' என்கிறார். தடுக்கவில்லை என்பதும் போ என்பதும் ஒன்றா?

அக்டோபர் 23, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சனல் போன நீலத் திரைக்குள் நானும் போனேன். தேதி 2012 ஜனவரி ஒன்று என்று காட்டியது. வார்டில் சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் பேட்டரி மாற்றினால் இப்படித்தான் தேதி பழையபடி போய் நிற்கும். இதற்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கவேண்டும் அல்லவா? திறந்தேன். காசு போல ஒன்று. செத்துவிட்டிருக்கிறது. கரண்டு இருக்கும்வரை பெட்டிக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் எந்த டிஸ்க்கில் தேடுவது என்பதே மறந்து, உள்ளே கிடக்கும் பழைய காலி டிஸ்க்கில் போய்த் தேடுகிறது.

அப்படியானால் பிளக்கைப் பிடுங்கியது யார்?

நேராகவே கேட்டேன். அம்மச்சி மறைக்கவில்லை.

"இடி முழங்கிச்சு மோளே. ஃப்ரிட்ஜ், டிவி, எல்லாத்தையும்தான் பிடுங்கினேன். தெக்கேடத்து வீட்ல டிவி வெடிச்சது உனக்குத் தெரியாதா? உன் பெட்டி போச்சுன்னா என்னைத்தானே சொல்லுவ."

ஜன்னல் என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்றேன். "பெட்டியைத் தொட்டா நீ முகத்தைத் தூக்கி வச்சுக்குற."

ஐப்பசித் துலா மழைக்காலத்தில் தொடுபுழாவில் எந்த வீட்டில்தான் பிடுங்குவதில்லை? என் பிறந்த வீட்டிலும் அப்பச்சன் செய்வார். இதைக்கூட யோசிக்காமல் — சே.

அக்டோபர் 24

புதுப் பேட்டரி போட்டேன். சாயங்காலம் இடி, அம்மச்சி பிடுங்கினார், மழை விட்டதும் செருகினேன். முதல் தடவையிலேயே எழுந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

நாளை மறுநாள் நேர்காணல். கம்ப்யூட்டர் ஓலமிடுகிறது. திரையே வரவில்லை. பீப், பீப், பீப் — நிறுத்தாமல்.

இன்று இடி இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். ரேம் இருந்த இடம் காலி. பழுதில்லை இது. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

நான் ஹன்னாவோடு சர்ச்சுக்கு, குர்பானாவுக்குப் போயிருந்தேன். அம்மச்சி முழங்கால் வலி என்று வரவில்லை. இச்சாயனும் வீட்டில்தான் இருந்தார். கேட்டதற்கு, தலையைத் தூக்காமல், "அம்மச்சிகிட்டயே கேளேன்," என்றார்.

பிளக்கைப் பிடுங்குகிறவருக்கு ரேம் எது என்று தெரியுமா? அன்றைக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள்? சனல். நான். டார்ச்.

இல்லை. அப்படி நினைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சனல் கடை பூட்டு. எதற்கு இந்த மனுஷி மேல் இவ்வளவு சந்தேகப்பட்டேன், எதற்கு இன்னொருவர் மேல் படவே இல்லை?

நவம்பர் 3, திங்கள்

சனல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மச்சி ஈரக்கையை முண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் ரேம்.

"லிஜோ சட்டையை நனைக்க எடுத்தேன். பையில கெடந்துச்சு. உன் பெட்டியோடதா?"

வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"தண்ணி படல," என்றார். பிறகு, "அவன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. நீயும் இப்பக் கேக்காத. நாளைக்கு முடியட்டும்."

செருகினேன். ராத்திரி இச்சாயன் கப்பையும் மீனும் தின்றுகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டேன். அது எழுகிற சத்தம் கேட்டதும் அவர் மெல்லுவது நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார். அம்மச்சி கொண்டுபோய் வைத்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து இரண்டு பெண்கள் திரையில் வந்தார்கள். பேச்சு தடுமாறவில்லை. ஐந்தாவது கேள்வியோ ஆறாவதோ, மேற்கே இடி முழங்கியது.

அம்மச்சி ஹன்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். மற்ற அறைகளில் பிளக்குகள் பிடுங்கப்படும் சத்தம் ஏற்கெனவே கேட்டிருந்தது. கேமராவுக்குத் தெரியாமல் சுவரோரமாக வந்து, சுவிட்சின் மேல் கை வைத்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு இடி, இன்னும் பக்கத்தில். உதடுகள் ஜெபம் சொன்னது தெரிந்தது.

கடைசிக் கேள்வி முடிந்து, நான் நன்றி சொல்லித் தலையாட்டுகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

பிறகுதான் பிடுங்கினார்.