என் பெயரை ஏன் கொடுத்தாய்?

நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சுக்குக் கருப்பட்டி. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் அல்ல, உன் மேல். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடிந்ததில்லை. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே நீ வேறு கதைக்குத் தாவியிருப்பாய். இப்போதுதான் குறுக்கே பேசாமல் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. எனக்குச் சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. உனக்குப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறையில். பொங்கலுக்கு நம் தெரு வாலிபர்கள் வைத்த ஒரு மைல் ஓட்டத்தில் யாரோ உசுப்பேற்றி நானும் ஓடி, மூன்றாவதாக வந்து, ஒரு பித்தளைச் செம்பு வாங்கினேன். அதற்கு முன்னால் நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். அந்தச் செம்போடு நிறுத்தியிருப்பேன். மறு வருஷம் திருத்தங்கல் தாண்டிப் போய்த் திரும்பும் ஏழு மைல் ஓட்டம் என்று அறிவித்தார்கள். உன் பெயரைக் கொடுக்கப் போன நீ, என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு மைலு ஓடுனவன்தானலே நீ? அதையே ஏழு தடவ ஓடு. அம்புட்டுத்தான்."

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? பெயரை அடித்துவிடச் சொல்லலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சோறு வடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அதான பாத்தேன். எதத்தான் நீக முழுசா முடிச்சிருக்கீக?" பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பில் விட்டவன் நான். தையல் பழகப் போய்ப் பாதியில் வந்தவன். கொல்லையில் தோண்ட ஆரம்பித்த கிணறு இடுப்பளவோடு கிடந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் சுருக்கென்றது. சட்டையைக் கழற்றிப் போட்டேன். ஜெயிக்க வேண்டாம், அந்த ஏழு மைலை முடித்துவிட்டு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு.

வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் பழக ஆரம்பித்தோம். ஒரு மைல் ஓட்டத்தில் ஓடிய மாதிரியே நான் எடுத்த எடுப்பில் பறப்பேன். இரண்டாவது மைலில் விலாவைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். நீ பின்னால் ஆடி அசைந்து வருவாய். மருந்து சிந்திய தரையில் காலைத் தேய்க்கக் கூடாது என்று கம்பெனியில் பாதத்தைத் தூக்கித் தூக்கி மெத்தென்று வைத்து நடந்து பழகியவன் நீ. ஓடுவதும் அப்படியே. சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாததற்கு ஓயாத பேச்சு. உன் மாமியார் வீட்டு எருமை, கம்பெனியில் வந்த தீபாவளி ஆர்டர், நேற்று ருசிக்காத குழம்பு. "பேச முடியுற வேகத்துல ஓடுலே. பேச முடியலன்னா வேகம் சாஸ்தி" என்பாய். எனக்குப் பேச முடிந்தபோதெல்லாம் உன்னை வாயை மூடச் சொல்லத்தான் தோன்றியது.

ஒரு நாள் நேரமாகிவிட்டது. தூரம் குறையக் கூடாது என்று உன் கம்பெனிக்குப் பின்னால் போகும் வண்டிப் பாதையில் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாய். உள்ளே வேலை தொடங்கியிருந்தது. பட்டாசுக் கம்பெனியில் யாரும் ஓடுவதில்லை. ஒருவன் ஓடினால் ஒரே அர்த்தம்தான். அது ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நம் இரண்டு பேருக்கும் மட்டும் அன்றைக்கு மறந்து தொலைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாம் ஓடுவதைப் பார்த்த ஒருத்தி போட்டது போட்டபடி ஓட, அடுத்த அறை ஓட, மொத்தக் கம்பெனியும் கருவேலங்காட்டுக்குள் போய் நின்றது. ஒரு அக்காவுக்கு முழங்கால் சிராய்ந்து ரத்தம்.

"எங்கலே தீ?" என்று போர்மேன் மூச்சிரைக்க வந்தார்.

"தீ இல்லண்ணாச்சி. சும்மா ஓடுனோம்" என்றாய்.

"சும்மா எவனாச்சும் ஓடுவானா?" முழங்கால் சிராய்ந்த அக்கா கேட்டது. நியாயமான கேள்வி. உனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்று போர்மேன் சொல்லிவிட்டார். "நல்லதாப் போச்சு, பழகலாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓட்டத்தன்று காலையில் தெம்பு வரும் என்று அந்தச் சுக்குக் கருப்பட்டியை ஒரு கை நிறையத் திணித்தாய். வெடி போட்டு ஓட்டத்தைத் தொடங்கினார்கள். தெருவே பார்க்கிறது என்ற மிதப்பில் நான் வழக்கம்போலப் பறந்தேன். திருத்தங்கலில் தண்ணீர்ப் பானையைக் கண்டதும் செம்பு செம்பாகக் குடித்தேன். நீ என்னைத் தாண்டிப் போனதை நான் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வயிறு புரட்டி, கெண்டைக்கால் இறுகி, ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். இதுவும் கிணற்றோடு சேர்ந்தது. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் இன்னும் மோசம். அழுகை வந்தது.

தலையை நிமிர்த்தினால் நீ நிற்கிறாய். திருத்தங்கலில் தெரிந்தவர் ஒருவரிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டதாகச் சொன்னாய். என்னைக் கவனிக்காமல் பத்தடி தாண்டிப் போய்த் திரும்பினாயாம். நீ செய்யக்கூடியதுதான் என்று நம்பினேன். எழுந்திரு என்றாய். முடியாது, போய்த் தொலை என்றேன். எருமைக் கதையை ஆரம்பித்தாய். ஒரு கல்லை எடுத்தேன்.

அப்போது என் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தாய். முகம் வெளிறியது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி ஓட்டம் எடுத்தாய். நம் ஊர்க்காரன் அந்த நேரத்தில் என்ன ஏது என்று பார்க்கமாட்டான், முதலில் ஓடுவான். நானும் ஓடினேன். வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பர்லாங் ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பொட்டல் வெயிலில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

எதை வைத்து விளையாடுவது என்று ஒரு முறை இல்லையா? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் முழுவதையும் அந்த ரோட்டில் கொட்டினேன். "திட்ட முடியுதுல்ல? அப்ப மூச்சு இருக்கு. திட்டிக்கிட்டே வா" என்றாய். திட்டிக்கொண்டேதான் ஏழு மைலையும் முடித்தேன். நமக்குப் பின்னால் ஒரே ஒருவன் வந்தான். கூட்டத்தில் நின்ற என் மனைவி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அடுத்த கோடையில் கிணற்றில் தண்ணீர் வந்தது.

உன்னை எடுத்த அன்று, அந்த ஏழு மைலில் முதலாவதாக வந்தவர் மாலையோடு வந்திருந்தார். தள்ளாடும் வயசு. என் பக்கத்தில் உட்கார்ந்து அவராகவே பேசினார்.

"அன்னிக்கு இவருதான எனக்கு முன்னால போய்க்கிட்டு இருந்தாரு. கூட்டாளி பாலத்துல உக்காந்துட்டான்னு சைக்கிள்ல வந்த பய சொன்னான். சடக்குனு திரும்பி எதுக்க வாராரு. வழி தப்பிட்டாருன்னு நெனச்சு, ஏலே, ஊரு இந்தப் பக்கம்லேன்னு கத்துனேன். தெரியும்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு."

எத்தனை தடவை உன்னிடம் கேட்டிருப்பேன்? அன்றைக்கு நீ மட்டும் ஓடியிருந்தால் எந்த இடத்தில் வந்திருப்பாய் என்று. "கடைசிலதான்லே" என்று ஒவ்வொரு தடவையும் வாய் கூசாமல் சொன்னாய். எல்லோரும் ஏழு மைல் ஓடினோம், நீ அதற்கு மேலும் ஓடியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன். பெயர் கொடுத்தபோது கேட்டாயா, இதைக் கேட்பதற்கு? உன் மேல் எனக்கு ஆறவே இல்லை. அழவும் விடமாட்டேன் என்கிறது இந்தக் கோபம்.

என் மனைவிக்கு இப்போது மூட்டுவலி. காலையில் கண்மாய்க்கரை வரை நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இத்தனை நாளும் நான் விறுவிறுவென்று முன்னால் போய், கரையில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருப்பேன். இந்த மூன்று மாதமாக என்னால் அது முடியவில்லை. பாதி தூரம் போனதும் கால் தானாகத் திரும்புகிறது. அவளோடு ஒட்டி நடக்கிறேன். "எதுக்கு இப்படிக் கூடவே வாரீக? முன்னால போங்களேன்" என்று சிடுசிடுக்கிறாள். நான் போவதில்லை. அவளுக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.