பச்சைக் கொடி என் கையில்

பொன்மலைப்பட்டி, திருச்சி
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கலைமதி அப்பாவுக்கு,

சகுந்தலா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். சென்னையில் நம் மகளும் மாப்பிள்ளையும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் ஊருக்கு வரும் பேச்சை எடுத்தாலே உங்கள் மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் கம்பெனி ஜெயக்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை உங்கள் ரூமை விட்டு நகரக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அக்ரிமெண்டைப் புதுப்பிப்பதா, ஊருக்கு வருவதா என்று இந்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமாமே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் என் சமாசாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போனே எடுப்பதில்லை என்று கலைமதியிடம் புகார் செய்தீர்களாம். நான் நடக்கப் போய்விடுகிறேன். பக்கத்து வீட்டு அற்புதம்மாள் அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனார். ரயில்வேயில் ரிடையர் ஆனவர்கள் சேர்ந்து இங்கே ஒரு நடைக் குழு வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு ஊரில் போய் இறங்குவது, வரப்பு, வாய்க்கால் கரை என்று வெயில் ஏறும்வரை நடப்பது, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. இவ்வளவுதான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த எனக்கு முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், “ஏம்மா, பஸ் ஏதும் ஓடலையா? இத்தனை பேரு நடந்து வர்றீங்க?” என்று கேட்டார். சும்மாதான் நடக்கிறோம் என்றேன். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்து அனுப்பினார்.

ரயில்வேக்காரர்கள் நடந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒற்றை வரிசைதான். முன்னால் போகும் சண்முகசுந்தரம் சார் கூட்ஸ் வண்டி ஓட்டியவர். அதனால் அவர் டிரைவர். கடைசியில் வருபவர் கார்டு. அது அப்துல் அஹத் பாய், நிஜமாகவே ரயில் கார்டாக இருந்தவர். கழுத்தில் விசில், கையில் பச்சைக் கொடி. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போகலாம். யாருக்கு மூச்சு வாங்கினாலும், யார் காலில் முள் குத்தினாலும் பாய் ஒரு விசில் கொடுப்பார். மொத்த வரிசையும் நின்றுவிடும். ஏன் நின்றோம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது குழுவின் சட்டம். கார்டுக்குப் பின்னால் ஆள் கிடையாது என்பது இன்னொரு சட்டம்.

பாய் முட்டி வைத்தியத்துக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது விசிலையும் கொடியையும் என்னிடம் கொடுத்து, “குரல் பெருசா இருக்கற ஆளுதான் கார்டா இருக்கணும், அதுக்கு நீங்கதாம்மா சரி” என்றார். பாராட்டினாரா, கிண்டல் செய்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

பதவி ஏற்ற முதல் நாளே ஜீயபுரத்தில் மானம் போனது. கரூர் ரோட்டைத் தாண்டிப் போகும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒரு விசில் கொடுத்தேன். எல்லோரும் நின்றார்கள். நான் குனிந்து ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்டாப்பில் நின்ற டவுன் பஸ்ஸின் கண்டக்டர் இரண்டு விசில் அடித்துவிட்டார். பஸ்ஸும் கிளம்பியது, நம் ஆட்களும் கிளம்பிவிட்டார்கள்! திரும்பிப் பார்க்க வேண்டுமே, ஒருத்தர் பார்க்கவில்லை. விசில் கேட்டால் கால் தானாக நகர்ந்துவிடும் ஜாதி. நான் கத்தியது பஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாழைத் தோப்புக்குள் வரிசை மறைந்துவிட்டது. அறுந்த செருப்பும் பச்சைக் கொடியுமாக நான் ரோட்டோரம் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தோப்புக்குள்ளிருந்து சண்முகசுந்தரம் சார் வந்தார். அவர் பின்னால் பார்த்தால் மொத்த வரிசையும் வருகிறது. ஒருத்தர் வந்து கூட்டிப் போனால் போதாதா என்றேன். “கார்டை விட்டுட்டு வந்த வண்டியம்மா இது, முழு வண்டியும்தான் ரிவர்ஸ்ல வரணும்” என்றார். எல்லோர் முகத்திலும் அசடு வழிந்தது. அன்றிலிருந்து புதுச் சட்டம் போட்டிருக்கிறோம். விசில் கேட்டால் மட்டும் போதாது. திரும்பி, என் கையில் பச்சைக் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இனி உங்கள் சமாசாரம். உங்கள் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று ஜெயக்குமார் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். நீங்கள் போனில் சொன்ன அந்த ஷூ கடித்த புண் ஆறிவிட்டதா என்று நான் சாதாரணமாகத்தான் விசாரித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடாமல் கேட்டேன். சுகர் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கிறது, நீங்கள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள், எனக்கு வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு! அழுதேன். உங்களை நன்றாகத் திட்டினேன். மறுபடியும் அழுதேன்.

நொண்டிக்கொண்டு எப்படித் தெருவுக்குள் வருவது, எல்லோரும் பார்ப்பார்களே, இன்னும் இரண்டு வருஷத்தை இங்கேயே ஓட்டிவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னீர்களாமே. பார்க்கட்டுமே! பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். நாம் வேகமாக நடந்து எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறோம்? கல்யாணமான மறுநாள் மலைக்கோட்டையில் என்னைப் பாதிப் படியில் விட்டுவிட்டு உச்சியில் போய் நின்றுகொண்டு சிரித்தவர்தானே நீங்கள். அந்த வேகம் எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. இப்போது மெதுவாக நடங்கள், நானும் கூட வருகிறேன்.

இங்கே டாக்டரிடம் கேட்டுவிட்டேன். காலைப் பார்க்க வேண்டும், புண் முழுசாக ஆற வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்றார். பாலக்கரையில் சுகர்காரர்களுக்கு மெத்தென்று செருப்புத் தைக்கும் கடையில், உங்கள் பழைய செருப்பைக் காட்டி வலது காலுக்குத் தைத்து வாங்கிவிட்டேன். இடது காலுக்கு ஆள் நேரில் வந்து அளவு கொடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஜெயக்குமார் தரும் பார்சலில் எள்ளுருண்டைக்கு அடியில் அந்த ஒற்றைச் செருப்பு இருக்கிறது. செருப்பை அனுப்புகிறாளே என்று கோபப்படாதீர்கள். அதன் ஜோடி திருச்சியில்தான் கிடைக்கும்.

தை பிறந்ததும் ஸ்ரீரங்கத்துப் பக்கம் கொள்ளிடக் கரையில் நடக்கிறோம். என் பெயரோடு உங்கள் பெயரையும் சொல்லிவிட்டேன். எத்தனை தடவை உட்கார்ந்தாலும் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நீங்கள் கடைசி ஆள் இல்லை. கடைசி ஆள் நான்.

ரங்கநாதர் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். மாத்திரையை மறக்காதீர்கள். நான் ஒரு விசில் கொடுத்துவிட்டு நிற்கிறேன். நீங்கள் வந்த பிறகுதான் அடுத்த இரண்டும்.

இப்படிக்கு,
கொடியை இன்னும் தூக்காமல் வைத்திருக்கும்
உங்கள் சகுந்தலா