பிரேக் மிதிக்க ஒரு ஆள்

வீட்டம்மாவுக்கு,

காரை எடுத்துடாதே. மிதிச்சா பிரேக் பெடல் தரையில போய் உட்காருது. சாவியை நானே கொண்டுபோறேன். காபி பிளாஸ்க்ல இருக்கு.

பிரேக் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரை மாத்திட்டேன். ஆனா ஆயில் குழாய்ல காத்து நிக்குது. ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்கணும், இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட படுத்து அந்தக் காத்தை வெளியேத்தணும். நேத்து வீம்புக்குத் தனியா செஞ்சு பார்த்தேன். நானே "மிதி"ன்னு சொல்லி, நானே எழுந்து ஓடிப்போய் மிதிச்சேன்.

நாம பேசி பதினோரு நாளாச்சு. சாயங்காலம் பத்து நிமிஷம் வந்து உட்காரு. நான் "மிதி"ன்னா, நீ "மிதிச்சாச்சு"ன்னு சொன்னாப் போதும். வேற எதுவும் பேச வேண்டாம்.

மாப் கட்டை முறிஞ்சுபோச்சு. அதைப் பெடலுக்கு முட்டுக் கொடுத்தது நான்தான்.

சீட்டை உன் கால் எட்டுற அளவுக்கு முன்னால நகர்த்தி வச்சிருக்கேன்.