ஏழு கடைப் பலகாரமும் பதினொரு வளையலும்

டிச. 5, 1996. வியாழன். அம்பாசமுத்திரம்

விடாத மழை. பாபநாசம் அணை திறந்துவிட்டார்களாம், ஆறு பாலத்தை முட்டி ஓடுகிறது என்றார் பால்காரர். கல்லூரியில் லீவு கிடைத்துவிட்டது. முதல்வர் முகம்தான் சரியில்லை. போகட்டும்.

பெட்டியில்: கம்பளிக் கோட்டு (இரவல்), புளிக்காய்ச்சல் 2 பாட்டில், அப்பளம், உப்பு நார்த்தங்காய், திருத்தாத வேதியியல் விடைத்தாள் ஒரு கட்டு. கடைசியது எதற்கென்று தெரியவில்லை.

போகிற வேலை ஒன்றுதான். தங்கை வடிவைக் கையோடு கூட்டி வருவது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். 20ஆம் தேதி திரும்ப இரண்டு பேருக்கு டிக்கெட். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். இன்னும் தள்ளிப்போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வளைகாப்பைப் பற்றி அம்மா காலையிலிருந்து சொன்னதையே சொல்கிறாள். "வளவி, கட்டுச்சோறு எல்லாம் இங்கன வந்த பொறவுதான், கேட்டியா?" கேட்டேன் என்றேன். பாதிதான் கேட்டேன்.

டிச. 9, திங்கள். கார்ல்ஸ்ரூ, ஜெர்மனி

2 டிகிரி. நாலரைக்கே இருட்டு. வடிவுக்குக் கோட்டில் மூன்று பொத்தான் போட முடியவில்லை. மாப்பிள்ளை சங்கரன் வேலைவிட்டு வந்து பாத்திரம் கழுவுகிறார். பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

மாலை கிறிஸ்துமஸ் சந்தை. மரக்கடைகள், விளக்குச் சரம், பிள்ளைகளுக்கு ராட்டினம். நம் ஆனித்திருவிழாக் கடைகள்தான், வியர்வை மட்டும் இல்லை. சாப்பிட்டது: உருளைக்கிழங்கு அடை, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். அடைக்கு ஆப்பிளா என்று முகம் சுளித்தேன். பிறகு நானே கேட்டு இன்னொன்று வாங்கினேன்.

ஊருக்கு எப்போது பெட்டி கட்டப்போகிறாய் என்று வடிவிடம் கேட்டதற்கு, பாப்போம்க்கா என்றாள். பிடி கொடுக்கவில்லை.

டிச. 11, புதன். நியூரம்பர்க்

ரயிலில் வடிவும் நானும் மட்டும் போனோம். பெரிய சந்தை. வறுத்த பாதாம், மேலே சர்க்கரை பொரிந்தது: பிரமாதம். இஞ்சி ரொட்டி: தீபாவளி லேகியத்தை மாவில் குழைத்துச் சுட்டதுபோல். மூன்றாவது கடியில் பழகிவிட்டது. பட்டை கிராம்பு போட்டுக் கொதித்த சூடான பழச்சாறு, இரண்டு கோப்பை. இறைச்சிக் கடைப் பக்கம் போகவில்லை.

செக் நாட்டுக்காரி ஒருத்தி கண்ணாடிச் சாமான் கடை போட்டிருந்தாள். சிவப்பு, பச்சை வளையல். வடிவு அங்கேயே நின்றுவிட்டாள். பதினொன்று எண்ணி வாங்கினாள். சும்மா ஆசைக்கு வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல பெத்தா அவுக பதினாறு நாள் கழிச்சு வந்து எட்டிப் பாப்பாக. இங்கன பிரசவ ரூமுக்குள்ளயே கூட நிக்கலாம்க்கா. எனக்குப் பயமா இருக்கு. அவுக பக்கத்துல இருக்கணும்."

அம்மா ஒடிந்துபோவாள் என்றேன். எனக்கும் ஆசை என்று சொல்லவில்லை. இவள் வந்தால் நாலு மாதம் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும்.

டிச. 15, ஞாயிறு. காலை ஸ்ட்ராஸ்பர்க், பிரான்ஸ், இரவு கார்ல்ஸ்ரூ

லேசான தூறல். சங்கரனும் வந்தார். ரைன் ஆற்றுப் பாலத்தில் ரயில் போகும்போதே நாடு மாறிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாதா கோயிலைச் சுற்றிச் சந்தை. வடிவு ஏழு கடையில் ஏழு பலகாரம் வாங்கினாள்:
சுட்ட செஸ்ட்நட் கொட்டை
வெங்காயம், பாலேடு பரப்பிய மெல்லிய ரொட்டி (பன்றிக்கறி போடாமல் கேட்டு வாங்கியது)
இலவங்கப்பட்டை பிஸ்கட்
ஆரஞ்சுத்தோல் மிட்டாய்
உப்பு முறுக்கு ரொட்டி, பெரியது
பாலாடைக்கட்டி
ஏழாவது, மறந்துவிட்டது. இனிப்பு.

ஒன்றையும் வாயில் வைக்கவில்லை, எங்களையும் விடவில்லை. ஆறிப்போகுமே என்றேன். வீட்டுக்குப் போய் வைத்துச் சாப்பிடலாம் என்று பையை மடியில் கட்டிக்கொண்டாள். எனக்கு நல்ல பசி. எரிச்சல்.

வீட்டில் ஏழையும் தட்டில் வைத்து, புளிக்காய்ச்சல் போட்டுச் சோறும் பிசைந்து, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். வளவி போட்டுவிடுங்க என்றாள். அவள் முன்பே சொல்லிவைத்திருந்த கீழ்வீட்டு அம்மாள், எதிர்வீட்டுத் துருக்கிப் பெண், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சந்தனம் பூசினார்கள், நான் செய்துகாட்டியபடி. இது விளையாட்டுக்கு, அம்மா ஊரில் முறைப்படி போடட்டும் என்று நானும் போட்டேன். கை வீங்கியிருந்தது, சோப்பு தடவி ஏற்றினேன். கண் கலங்கிவிட்டது. இதை யாரும் படிக்கப்போவதில்லை.

டிச. 16, திங்கள்

பனி. ஊரில் பக்கத்துவீட்டு போனுக்கு அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். நேற்று நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சந்தனம் பூசி, சோறும் குடுத்தாச்சா?"

ஆமாம் என்றேன்.

"பொறவு எப்பிடிட்டி ஆத்தத் தாண்டுவா?"

அப்போதுதான் உறைத்தது. அம்மா பிறந்த கல்லிடைக்குறிச்சி அக்கரை, வாழ வந்த அம்பாசமுத்திரம் இக்கரை. எங்கள் வகையில் பிள்ளைத்தாச்சி முதலில் பாலத்தைத் தாண்டித் தாய்வீடு வருவாள், பிறகே வளையல். வளையல் ஏறிவிட்டால் பிள்ளை பிறக்கும்வரை ஆறு தாண்டக் கூடாது. சித்திக்கு வெள்ளம் வந்து வளைகாப்பையே ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். எனக்கு அப்போது பரீட்சை, காதில் விழவில்லை. பத்து வயது வடிவு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

அடுக்களை வாசலில் நின்று மிச்சப் பாதாமைத் தின்றுகொண்டிருந்தாள். பலகாரத்தை ரைன் தாண்டும்வரை பிரிக்காததன் காரணமும் விளங்கியது. அந்தக் கரையிலேயே சடங்கு முடிந்திருந்தால் வீடு திரும்ப முடியாது; இந்தக் கரைக்கு வந்து போட்டிருக்கிறாள், கெட்டிக்காரி.

வேணும்னே செஞ்சியாட்டி என்றேன்.

"நான் வரலன்னா அம்மா விடமாட்டா. ஆறு விடாதுன்னா கேப்பா."

கோபம். என்னையே வைத்து முடித்துவிட்டாளே. இருபது வருடம் பாடம் எடுத்தவள் நான். இரவு சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு எழுந்து அந்த முறுக்கு ரொட்டியைத் தின்றேன். கல் மாதிரி இருந்தது.

டிச. 19, வியாழன்

ஒரு டிக்கெட் ரத்து. விடைத்தாள் 14 திருத்தினேன். வடிவு பின்னால் வந்து தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றாள். வளையல் என் காதில் இடித்தது. கோபம் போய்விட்டது. விட்டுப்போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டிச. 22, ஞாயிறு. அம்பாசமுத்திரம்

நெல்லை எக்ஸ்பிரஸ் இரண்டு மணி நேரம் தாமதம். ஜங்ஷனிலிருந்து பஸ். வெயில் அடிக்கிறது.

அம்மா வாசலில். எனக்குப் பின்னால் தெருவை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். காப்பி கொடுத்தாள். வடிவு என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன். செஸ்ட்நட் எப்படி இருக்கும் என்றாள். பனங்கிழங்கு மாதிரி என்றேன்.

மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டே, பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்றாள். மதுரைக்கு வடக்கே போகாதவள். கடலைத் தாண்டணுமேம்மா என்றேன்.

"எனக்கு யாருட்டி வளவி போட்டா? நான் தாண்டலாம்லா."