சலீம் வந்து சேரும் நேரம்

12.3.1985, செவ்வாய்

விடியற்காலையில் அத்தா இறந்துபோனார். துபாயில் இருக்கும் தம்பி சலீமுக்கு தபால் ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டேன். பதினொரு மணிக்குத்தான் லைன் கிடைத்தது.

"பம்பாய்க்கு மூணு மணி நேரம், அங்கேர்ந்து மெட்ராசுக்கு ரெண்டு மணி நேரம். அவ்ளோதாண்ணே. நான் வர்ற வரைக்கும் அத்தாவ வெச்சிருங்க" என்று அழுதான்.

"பிளேன் எப்போடா?"

"ராத்திரிதான் இருக்குது. பம்பாய்ல மாறி மெட்ராஸ் வர நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

அதற்கு மேல் செஞ்சிக்கு நாலு மணி நேரம் பஸ். இந்த வெயிலில் அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். "சரி, வா" என்று மட்டும் சொன்னேன்.

இன்று சாயங்காலமே, அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டோம். இப்போது ராத்திரி ஆகிவிட்டது. இந்நேரம் அவன் விமானம் ஏறியிருப்பான், அத்தா முகத்தைப் பார்க்கலாம் என்று நம்பிக்கொண்டு.