ஹோம் என்றால்

2006 ஜூலை, செவ்வாய் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவுக்கு.

அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டைவிட்டு வந்து தாம்பரம் ஸ்டேஷனில் படுத்திருந்த எங்களிடம் ஒரு அக்கா வந்து, "ஹோமுக்கு வர்றீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டியதும் நான் அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஹோம் என்றால் அம்மா இல்லாத பிள்ளைகளை விடும் இடம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். ஆட்டோவில் நான் அம்மாவின் புடவையை விடவே இல்லை.

இங்கே வந்ததும் கேட்டுவிட்டேன். "எங்கள வுட்டுட்டு எப்போம்மா போவே?"

அம்மா சிரித்துவிட்டாள். "லூசு! எனக்கும் இங்கதான்டி கட்டில் குட்த்துகீறாங்க. வேலை கெடச்சு வூடு பாக்கிற வரிக்கும் மூணு பேரும் இங்கதான்."

தம்பி அம்மாவின் கட்டிலில் குறுக்கே தூங்குகிறான். எனக்கு இடமே இல்லை. இருந்தாலும் அங்கேதான் படுப்பேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவோ? இல்லை, அந்த அக்காவின் குரல். "பாப்பா, லைட்ட அணை..."